கந்தம்மாளின் குதிரை

4 பிப்ரவரி 1983
வண்டிப்பாதை இல்லாத மலையூர் வெள்ளகவியிலிருந்து ஏறித் திரும்பியதும் முழங்கால் வலி. நாற்பத்தெட்டு வயதுக்கு அந்தப் பாதை சரிப்படாது.
எங்கள் சங்கம் பெண்களுக்குக் கொடுக்கும் சிறுகடனில் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின் மட்டுமே வாங்கலாம். அந்த ஊர்க் கந்தம்மாளுக்குப் பொதிகுதிரை வேண்டுமாம். ஊரின் காப்பியும் எலுமிச்சையும் சேனாதிபதி என்பவரின் குதிரைகளில்தான் கொடைக்கானலுக்கு ஏறுகின்றன. வாடகை அவர் வைத்ததுதான்.
"இந்த ஏத்தத்துல மாடு என்னத்தச் சொமக்கும்மா?"
கடன் வாங்கி நிமிர்ந்த பெண்ணை அறிக்கைகளில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பெயர் அவளுடையது, பணம் புருஷனுடையது.

11 பிப்ரவரி
கமிட்டி. செயலாளர் இராமலிங்கம் சொன்னார்: "இன்னைக்குக் குதிரை, நாளைக்கு யானை கேப்பாங்க மேடம்." எல்லாரும் சிரித்தார்கள்.
படிவத்தில் 'கறவை மாடு' என்பதை அடித்துவிட்டுக் 'குதிரை' என்று எழுதினேன். ஜாமீனுக்கு என் பெயர். நம்பிக்கையால் அல்ல, அந்தச் சிரிப்பால்.
விதிப்படி அவள் கணவன் இருளப்பனிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று.

2 மார்ச்
குதிரை வந்துவிட்டது. சாம்பல் நிறப் பெட்டை. ஆண்களைக் கண்டால் உதைக்கிறதாம். நல்லது.

19 ஏப்ரல்
நினைத்ததுதான். இருளப்பன் குதிரையை அவிழ்த்துப்போய், தன் பழைய கடனுக்காகச் சேனாதிபதியிடம் விட்டுவிட்டான். 'கையெழுத்துப் போட்டவன் நான், குதிரை என்னுது' என்கிறானாம். அந்தக் கையெழுத்தை வாங்கியவள் நான்தானே?
இராமலிங்கத்திடம் சொன்னேன். புன்னகைத்தார்.
ஜாமீன் போட்டாச்சு, கட்டித் தொலைச்சிட்டுச் சும்மா இருந்தா என்ன? முடியல. நாளைக்கு வெள்ளனே இறங்குறேன்.

20 ஏப்ரல்
கோபத்தில் தப்புச் செய்துவிட்டேன். வெள்ளகவிக்குள் யாரும் செருப்போடு நடப்பதில்லை; அவர்களுக்கு ஊரே கோயில். எல்லையில் கழற்ற மறந்து சேனாதிபதி வாசல்வரை போய்விட்டேன். பெரியவர்கள் கூடினார்கள். கோயில் விளக்குக்கு எண்ணெய் தண்டம் என்றார்கள். ஒப்புக்கொண்டேன்.
அப்போது ஓரத்தில் நின்ற பெண்களிடமிருந்து கந்தம்மாள் நடுவுக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.
"மறந்து மிதிச்ச காலுக்குத் தண்டம், சரி. தெரிஞ்சே அவுத்துட்டுப் போன கைக்கு என்ன தண்டம்?"
இருளப்பன் கையெழுத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான்.
"ஒன்னுதுன்னா நீயே பொதி ஏத்து. இங்கனயே, எல்லாரும் பாக்க."
வாசலில் கட்டியிருந்த குதிரை பக்கம் அவன் நகரவில்லை. பக்கத்து வீட்டு ராக்காயிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் பெரியவர்களே சிரித்துவிட்டார்கள். தன் ஆட்கள் இருவர் ஏற்கெனவே உதை வாங்கிப் படுத்திருப்பதாகச் சேனாதிபதி முணுமுணுத்தார். பொழுது சாய்வதற்குள் கயிறு அவள் கையில்.
ஊர் எல்லை தாண்டும்வரை செருப்பைக் கையில் வைத்திருந்தேன். கல் குத்தியது. வலி தெரியவில்லை.

7 நவம்பர்
புதிய படிவங்கள் அச்சாகி வந்துவிட்டன. கணவன் கையெழுத்துக்கான கோடு அவற்றில் இல்லை. இராமலிங்கத்தைக் கேட்டுச் செய்யவில்லை.
ராக்காயிக்கும் இன்னும் நான்கு பேருக்கும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் கீழிருந்து மணிச்சத்தம். எலுமிச்சை மூட்டைகளோடு சாம்பல் பெட்டை, முன்னால் கந்தம்மாள். நின்று இரண்டு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன்.
"ஓரமா நில்லுங்கம்மா, ஒட்டன்சத்திரம் சந்தை லாரி போயிரும்."
பாறையோடு ஒட்டி நின்று வழி விட்டேன்.