நீ எடுக்கப் போன கைடு

அட்டையைத் திறந்ததும் புளித்த மாவு வாசனை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சொட்டு இட்லி மாவு காய்ந்து ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டப் போனவள் அப்படியே விட்டுவிட்டேன். உன் வீட்டு மாவு அது. இனி உன் கையால் எதிலும் தெறிக்கப் போவதில்லை.

போன மழைக்காலத்தில் உன் காரியம் முடிந்த அன்று அத்தை, உன் அம்மா, இந்தக் கைடை என் கையில் கொடுத்தாள். "நீங்க ரெண்டு பேருந்தான படிச்சீங்க, ஒனக்குத்தான் ஒதவும்" என்றாள். வாங்கிக்கொண்டு வந்து, நான் இப்போது இருக்கும் கோபர்கைரனே வீட்டு அலமாரியில், மேல் தட்டில், பின்பக்கமாகத் தள்ளி வைத்தேன். திறக்கவில்லை. சோகம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கோடு போட்ட இடங்களைப் பார்த்தால் எனக்கு எரியும் என்று தெரியும்.

இப்போது திறக்க வேண்டியதாயிற்று. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கான என் லினக்ஸ் சான்றிதழின் காலம் முடியப் போகிறது, மறுபடி தேர்வு எழுத வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போனில் கைடு தேடினேன். ஒன்றில் வீடியோ இருக்கிறது, ஒன்றில் மாதிரித் தேர்வு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம், எல்லாவற்றையும் திட்டியும் நாலு பேர். எதை வாங்குவது என்று குழம்பியபோது உன் விரல்தான் ஞாபகம் வந்தது, மாட்டுங்காவில் அந்தப் பழைய புத்தகக் கடையில் புதிய எடிஷனை நோக்கிப் போன உன் விரல்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆபீஸில் நாம் இருவரும் ஹெல்ப்டெஸ்கில் நாள் முழுக்க மற்றவர்கள் மறந்த பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சர்வர் டீமில் ஒரே ஒரு இடம் காலியாகிறது, யார் முதலில் சான்றிதழ் வாங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். லேபர் கேம்ப்பில் நாம் குடியிருந்த சந்து முழுக்க அது எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டது. நான் இங்கிலீஷ் மீடியம். நீ பத்தாவது வரை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளி. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் பயந்துகொண்டே நினைத்தேன். போனில் கத்துகிற ஆளைக்கூட நீ இரண்டு கேள்வியில் அடக்கிவிடுவாய். எனக்கு அது வராது.

கடையில் மூன்று கைடு இருந்தன. பளபளப்பான ஒன்று, பதினைந்து நாளில் பாஸ் என்று அட்டையிலேயே சொன்னது. நீ அதைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தாய்.

"இதுல கேள்விதான் இருக்கு, வேல இல்லட்டி. பரீச்சையில மெஷின கையில குடுத்துல்லா செய்யச் சொல்லுவான்."

மற்ற இரண்டும் ஒரே தடிமனான புத்தகத்தின் இரண்டு எடிஷன்கள். நீ நடைபாதையில் நின்றபடியே அரை மணி நேரம் வாயசைத்து வாசித்தாய். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அரே மேடம், தோனோ ஏக் ஹீ ஹை. ஏ நயா, வோ புரானா" என்றார். இரண்டும் ஒன்றுதான், இது புதிது, அது பழையது, அவ்வளவுதான் அவருக்கு. நீ தலையாட்டிவிட்டுப் புதியதை எடுக்கக் கை நீட்டினாய். அதற்கு முன் நான் எடுத்துவிட்டேன்.

அதை நான் ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. உன் கை அதற்குப் போனது, அதனால் அது நல்ல புத்தகம். எனக்கு அந்தக் காரணம் போதும். நீ என்னைப் பார்த்தாய், பிறகு பழையதை எடுத்துக்கொண்டாய்.

"சரி, நீ வச்சுக்கோ. நான் இதப் பாத்துக்கிடுதேன்."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நீ திட்டாதது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை.

உன் வீட்டில் நீ படித்த லட்சணத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் விற்பனைக்கு மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடும். அத்தை அரிசியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பாள். மாவு டிரம்மின் மூடிமேல் உன் பழைய லேப்டாப். பழைய எடிஷன் என்பதால் அதில் இருப்பது இப்போதும் செல்லுமா என்று உனக்குச் சந்தேகம். ஒவ்வொரு வரியையும் மெஷினில் அடித்துப் பார்ப்பாய். மாறியிருந்தால் பென்சிலால் அடித்து ஓரத்தில் தமிழில் எழுதுவாய். ஒரு பயிற்சி முடிந்தால் மெஷினை ரீஸ்டார்ட் போட்டுவிட்டுக் கை கழுவப் போவாய். திரும்பி வரும்போது அது ஒழுங்காக லாகின் கேட்டால், "ஏட்டி, எந்திச்சிட்டு!" என்று கத்துவாய். ஒன்றும் புரியாத அத்தையும், "எந்திச்சிட்டா? நல்லாருக்கட்டும்" என்பாள்.

நான் ஜிடிபி நகர் ஸ்டேஷனில் ரயில் ஏறி லேடீஸ் டப்பாவில் இடம் பிடித்து, வாஷி வருவதற்குள் ஒரு அத்தியாயம் முடிப்பேன். மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவேன். மூன்று தடவை முடித்தேன். புதிய எடிஷன், அச்சில் வந்தது தப்பாகவா இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

நீ முதலில் எழுதினாய், பாஸானாய். கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். உள்ளே அடிவயிறு வரை எரிந்தது. அத்தை சந்தில் வீட்டுக்கு வீடு இட்லி அனுப்பினாள். நான் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னியில் உப்பு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் நான் எழுதினேன். கொடுத்த வேலையையெல்லாம் முடித்து, இருபது நிமிஷம் மிச்சம் வைத்துப் பெருமையாக வெளியே வந்தேன். வாஷியில் வண்டி மாறும்போதுதான் உறைத்தது. மெஷின் தொடங்கும்போது எந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் ஃபைலில் ஒரு வரியைத் தப்பாக எழுதியிருந்தேன். மெஷினை ரீஸ்டார்ட் செய்து பார்த்துத்தான் மார்க் போடுவார்கள். என் மெஷின் எழுந்தே இருக்காது. எழாத மெஷினில் செய்த மற்ற வேலைகளுக்கும் மார்க் கிடையாது.

"செல்வி, கடேசில ரீஸ்டார்ட் போட்டுப் பாத்தியாட்டி?" என்று நீ கேட்டாய்.

"போட்டேன். கைடுதான் சரியில்ல" என்று புளுகினேன்.

"நல்ல புஸ்தகந்தானட்டி அது" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அதற்காக நான் ஒரு மாதம் வேறு வண்டியில் ஆபீஸ் போனேன்.

இரண்டாம் முறை நானும் பாஸானேன். ஆனால் அதற்குள் சர்வர் டீமின் அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்துவிட்டாய். நன்றாகவும் உட்கார்ந்தாய். அதுதான் கஷ்டம். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கண்ணைத் திறக்கவே முடியாமல் கிடந்தவள், "ஏட்டி, என் மெஷினெல்லாம் ஓடுதா?" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன் மெஷினா? எல்லாருக்கும் பொதுதான அது" என்றேன். நீ சிரித்தாய். மறுநாள் போய்விட்டாய். நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அது மாறுவதில்லை.

இன்றைக்கு உன் கைடில் அந்த டிஸ்க் பாடத்தைத்தான் முதலில் தேடினேன். நான் தோற்ற இடத்தில் நீ என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. ஓரத்தில் உன் குண்டு எழுத்து. இங்கிலீஷ் மீடியம்காரி எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"செல்வி ரயில்லயே மூணு தடவ முடிச்சிட்டா. நான் இன்னும் இந்தப் பாடத்துலயே கெடக்கேன். அவளுக்கு ஒரு தடவ வாசிச்சா போதும். வயிறு எரியுது. முருகா, அவ பாசாவக் கூடாது."

கடைசி வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு. ஒரே கோடு. அடியில் இருப்பது நன்றாகத் தெரிகிறது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அடிப் பாவி! இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ திட்டாத ஒவ்வொரு முறையும் எனக்கு உன் காலில் விழுவது போலிருக்கும், அதனாலேயே உன்னை இன்னும் பிடிக்காமல் போகும். ஒரு நாள் சொல்லியிருந்தால் என்ன? ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து ஆய்ந்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துவிட்டு வண்டி ஏறியிருக்கலாமே.

இதிலும் நீ ஒரு படி மேல்தான். நீ அந்த வரியை அடித்தாய். நான் எதையும் அடிக்கவில்லை.

போனில் திறந்து வைத்திருந்த கைடுகளையெல்லாம் மூடிவிட்டேன். உன்னுடையதில்தான் படிக்கப் போகிறேன். பாதி பழசாகிவிட்டது, இன்னும் இரண்டு எடிஷன் பின்னால் போய்விட்டது. ஒவ்வொரு வரியையும் மெஷினில் அடித்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் போட வேண்டும். போடுகிறேன். ஆபீஸில் ஒருத்தி இரவல் கேட்டாள். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ எழுதியதை இன்னொருத்தி வாசிப்பதா?

இந்த முறை உன்னைவிட ஒரு மார்க்காவது கூட எடுப்பேன். அந்த ஆசை போகவில்லை, போகவும் வேண்டாம். எடுத்துவிட்டு அதை யாரிடம் காட்டி வயிறெரிய வைப்பது என்றுதான் தெரியவில்லை. அத்தையிடம்தான் போவேன். இட்லி வைப்பாள். சட்னியில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன்.