சுருளியம்மாள் கொடுத்த லைசென்ஸ்

போடிநாயக்கனூர்,
12-11-1956

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா? நான் சுகம்.

சென்னையில் எனக்குக் கொடுத்த கால்நடை மருத்துவப் பட்டத்தை இந்த ஊர் இன்று காலைவரை ஏற்கவில்லை. நேற்று, ஏலமலை அடிவாரத்தில் சுருளியம்மாள் என்ற கிழவியின் ஒரே பசு கன்று ஈன முடியாமல் கிடந்தது. போனேன்.

"உங்க வீட்டுல எத்தனை மாடு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லை."

"மாடில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

இதைக் கல்லூரித் தேர்வில் யாரும் கேட்கவில்லை. வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கன்றின் முன்னங்காலை நேராக்கி வெளியே இழுத்தேன். இரண்டும் பிழைத்தன. பசு நன்றியாக ஓர் உதை கொடுத்தது. லேசான வீக்கம்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இன்று காலை சுருளியம்மாள் சீம்பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள். இங்கே அது சொந்தக்காரர் வீட்டுக்கு மட்டுமே போகும். "சாப்பிடு அப்பு. வெள்ளாட்டுக்கு வயிறு உப்பியிருக்கு, வெரசா வா" என்றாள், பெற்ற பிள்ளையிடம் சொல்வது போல.

பெரிய பாத்திரம். தனி ஆளால் தின்று தீர்க்க முடியவில்லை. ஒரு கம்பளியும் அம்மா போட்ட நாரத்தங்காய் ஊறுகாயும் அனுப்புங்கள்.

நம் ஊரில் என்னை வெறும் 'டாக்டர்' என்றே சொல்லி வைத்திருக்கிறீர்கள். இனி தைரியமாக 'மாட்டு டாக்டர்' என்று சொல்லுங்கள். ஆடு காத்திருக்கிறது, கிளம்புகிறேன்.

உங்கள் மகன்,
சிதம்பரநாதன்