பச்சைக் கதிரில் செய்த பொம்மை

டெங்கில் தோட்டம்,
பங்களா குசினி,
18-9-1930

சௌபாக்கியவதி தங்கை தனலெட்சுமிக்கு அண்ணன் கன்னையா எழுதுவது.

நானும் உன் மருமகள் மாரியாயியும் சுகம். பிரிக்பீல்ட்ஸில் நீயும் மாப்பிள்ளை நாகையாவும் அதே சுகத்தோடு இருக்க மாரியம்மன் துணை. நீ கொடுத்தனுப்பிய ஊறுகாய் வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். சமையற்காரன் தங்கை இப்படிச் செய்யலாமா? ஆனால் மாரியாயி, அத்தை போட்ட ஊறுகாய் என்று நாள் முழுக்க விரலை நக்கிக்கொண்டு திரிகிறாள். தாயில்லாப் பிள்ளைக்கு நீதான் தாய் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

இங்கே மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வருகிறது. ரப்பர் விலையும் விழுந்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். அடுத்தது யாரோ என்று எங்கள் கூலி லயத்தில் ஒவ்வொரு வீடும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.

இந்த லட்சணத்தில் எங்கள் துரைசாணி ஒரு திருவிழா கொண்டாடப் போகிறார். வருகிற செவ்வாய்க்கிழமை பகலும் இரவும் சமமாக இருக்குமாம். அதற்குப் பிறகு அவர்கள் சீமையில் இருட்டு ஏறிக்கொண்டே போகுமாம். இங்கே வருஷம் பூராவும் பகலும் இரவும் ஒன்றாகத்தானே அம்மா இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, உனக்குத் தெரியாது கன்னையா, இருட்டு எங்கும் ஏறும் என்றார். இது மாதா கோவில் திருநாள் இல்லை. ஏசுநாதருக்கும் முந்தி அவர்களுடைய பாட்டன் பூட்டன் கும்பிட்டதாம். கிள்ளானிலிருந்து வந்த பாதிரியார் கோபித்துக்கொண்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வயலில் கடைசியாக அறுக்கும் கதிரில் பெண் பொம்மை செய்ய வேண்டுமாம். விளைச்சலின் உயிர் அதில் வந்து தங்குமாம். பொம்மையை வீட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்து, பங்குனியில் மறுபடி பகலும் இரவும் சமமாகிற நாளில் முதல் உழவுச் சாலில் புதைத்துவிடுவார்களாம். அப்போதுதான் போன உயிர் திரும்பி எழுந்து வருமாம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பங்களாவுக்குப் பின்னால் உள்ள மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் காய்ச்சலில் போன அவருடைய மகள் ரோஸைப் புதைத்த இடம் அது.

மலாய்க்காரர் கம்பத்து வயலில் நெல் இன்னும் முற்றவில்லை. துரைசாணி கேட்கவில்லை. பால் பிடித்த கதிரையே அறுத்து வரச் சொல்லிவிட்டார். பச்சைக் கதிர் என் குசினியில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. என்னைக் கதிர்க்கட்டு வடிவத்தில் ரொட்டி சுடச் சொல்லியிருக்கிறார். கூத்துதான் போ.

மனசு நல்ல மனசு. கங்காணி சின்னையாவின் அம்மா கிள்ளானில் தவறியபோது, சாவுக்குப் போகிறவரை யாரும் தடுக்கக் கூடாது என்று தன் மோட்டாரையே கொடுத்தவர். ஆனால் மாரியாயி முற்றத்தில் விளையாடினால் அவர் கண் அப்படியே அவள் மேல் நின்றுவிடுகிறது. ரோஸும் இவளும் ஒரு வயது. நான் பிள்ளையைப் பின்கட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
கன்னையா


டெங்கில்,
30-9-1930

தனம், இதைத் தபால் பையில் போடவில்லை. பை துரையின் ஆபீஸ் வழியாகப் போகிறது. காய்கறி லோரி அப்துல் கனி பாயிடம் கொடுத்திருக்கிறேன். நம்பிக்கையான மனுஷன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை லயத்து ஜனம் எல்லாரையும் சாயங்காலம் பங்களாவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் பொம்மையைப் பார்த்தேன். ஆளுயரம் இல்லை, பிள்ளை உயரம். அதற்கு ரோஸின் வெள்ளைக் கவுன் போட்டிருந்தது. அதை எத்தனை தரம் என் கையாலேயே கொடியில் உலர்த்தியிருக்கிறேன்! துரைசாணி சின்னையாவிடம், இதை எல்லாரும் பாடிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, ரொட்டியோடும் பழத்தோடும் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நம்ம ஜனத்துக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார். மழை இல்லை. வைக்கோல் மாதிரி ஒரு பெண் பொம்மை. ஊரைச் சுற்றி இழு என்கிறார்கள். நம்ம ஊரில் மழைக்காக இழுத்துக் கொளுத்துகிற கொடும்பாவி என்றே நினைத்துவிட்டார்கள். துரைசாணிக்கே நம்ம மேல இரக்கம் வந்து மழைக்காகக் கொடும்பாவி கட்டிக் குடுத்திருக்காங்கடி என்று கிழவி வள்ளியம்மா சொன்னாளாம். அவ்வளவுதான். காலில் கயிற்றைக் கட்டிப் புழுதியில் இழுத்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சுடுகாட்டில் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டார்கள். நான் ரொட்டி அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன். போய்ச் சேருவதற்குள் கவுன் எரிந்துகொண்டிருந்தது.

நெருப்பு அணைவதற்குள் மழை வந்தது தனம். அப்படி ஒரு மழையை இங்கே நான் கண்டதில்லை. ஜனம் ஆடிப்பாடிக்கொண்டு பங்களாவுக்குத் திரும்பி வந்து துரைசாணி காலில் விழுந்தது. அவர் நனைந்துகொண்டே நின்று, என் பொம்மை எங்கே என்று ஒரே ஒரு தரம் கேட்டார். சின்னையா சிரித்த முகமாக, நல்லபடியா எரிச்சாச்சும்மா என்றான்.

மறுநாள் துரை ஆறு குடும்பத்துக்குச் சீட்டுக் கிழித்தார். சின்னையா குடும்பமும் அதில் சேர்த்தி. அடுத்த கப்பலில் போக வேண்டும் என்று உத்தரவு. துரைசாணி அறையை விட்டு வரவில்லை, சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வெளியே வந்து என்னிடம்தான் பேசினார். பச்சைக் கதிர் போய்விட்டது கன்னையா, வீடு காலியாக இருக்கக் கூடாது, பங்குனி வரைக்கும் உன் மகள் என்னோடு இருக்கட்டும், நான் ஒருத்தரையும் கப்பலேற்ற விடமாட்டேன் என்றார். துரை பக்கத்தில் நின்றார். கொஞ்ச நாள் அவள் போக்கில் விடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். அன்று சாயங்காலம் சின்னையா பெண்சாதி பிள்ளைகளோடு குசினி வாசலுக்கு வந்து, அண்ணே பங்குனி வரைக்கும்தானே, பொறுத்துக்குங்கண்ணே என்று அழுதான். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

மாரியாயிக்கு முதல் இரண்டு நாள் குஷிதான். பிஸ்கட், பால், கொசுவலை போட்ட கட்டில். இப்போது அவளுக்கு ரோஸின் உடுப்பு. கூப்பிடுவதும் ரோஸ் என்றுதான். வெயிலில் விடுவதில்லை. குசினி ஜன்னல் வழியாக அப்பா என்று கூப்பிட்டாள், ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். நேற்று நான் பால் கொண்டுபோனபோது காதோடு காதாக, அப்பா, மேட்டுல அந்தப் பாப்பா பக்கத்துல எனக்கு எடம் வச்சிருக்காங்களாம், பூவெல்லாம் முளைக்குமாம் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

தோட்டக்காரர் அய்யாவுவைக் கேட்டேன். ரோஸ் சமாதிக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்தி ஒரு சால் எடுத்து வைக்கச் சொன்னார்களாம், பங்குனிக்கு என்று. போய்ப் பார்த்தேன். நல்ல ஆழம். ஒரு பொம்மைக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம் தனம்.

துரையிடம் சொன்னேன். நீ கதை கட்டுகிறாய், அவள் துக்கத்தில் இருக்கிறாள் என்று அதட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் அவள் படுப்பது துரைசாணி கட்டிலில். ஓடினாலும் அந்த ஆறு குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். யார் மேலும் பழி வராமல் அவள் வெளியே வர ஒரே ஒரு வழிதான் எனக்குத் தோன்றுகிறது. சாவுக்குப் போகிறவரைத் துரைசாணி தடுக்கமாட்டார்.

மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு தந்தி அடிக்கச் சொல். நீ செத்துப்போய்விட்டாய் என்று. பிள்ளை கையால் உனக்கு வாய்க்கரிசி போட வேண்டும், அவளைக் கூட்டிக்கொண்டு உடனே வா என்றும் இருக்க வேண்டும். இங்கிலீஷில் இருக்கட்டும், துரைசாணி தானே படிக்கட்டும். கூடப் பிறந்தவளுக்கு எந்த அண்ணனும் எழுதக் கூடாததை எழுதுகிறேன். தந்தி வந்தால் நான் அழுவேன். அதற்கு நடிப்பு ஒன்றும் வேண்டியிருக்காது.

வந்து சேர்ந்ததும் பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டு நான் திரும்பிவிடுவேன். அத்தை போன அதிர்ச்சியில் காய்ச்சலாகக் கிடக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். பிறகு துரைசாணி என்னை என்ன செய்தாலும் சரி. நீ மட்டும் கொஞ்ச நாளைக்கு வாசல் பக்கம் வராதே.

நீ நூறு வயது இருக்க வேண்டும் தனம். தீர்க்க சுமங்கலியாக, மாரியாயி பேத்தி எடுக்கும் வரைக்கும் இருக்க வேண்டும். நெல் முற்றும்வரை பொறுக்காதவர் பங்குனி வரைக்கும் பொறுப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தந்தி மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

உன் அண்ணன்,
கன்னையா