கதவுக்குப் பின்னால் என் வேலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

கடல் தாண்டி வந்த இடத்தில் நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

எங்கள் கம்பெனியின் புது நாடகத்தை எழுதிய மகராசன், அப்பன் இடுப்பில் ஒரு சாவியைத் தொங்கவிட்டு, காட்சிக்குக் காட்சி அவனையும் மகளையும் அதற்காகவே மோதவிடுகிறார். கடைசியில் பூட்டிய கதவைத் தட்டித் தட்டியே மகள் செத்துப்போவாள். கதவு திறக்காமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வதுதான் என் வேலை.

நேற்று அவள் அழுத அழுகையில் என்னை அறியாமல் கையை விட்டுவிட்டேன். கதவோடு வந்து என் மேலேயே விழுந்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. “கதவு தொறந்துட்டா அப்புறம் நாடகம் ஏதுய்யா?” என்று முதலாளி கத்தினார்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். ஊருக்கு வர லீவு கேட்டிருக்கிறேன். என் பாஸ்போர்ட் முதலாளி பீரோவில் பத்திரமாக இருக்கிறது, சாவி அவர் இடுப்பில். கவலைப்படாதே.

மணி அடித்துவிட்டார்கள். கதவைப் பிடிக்கப் போகிறேன்.