சுவரில் தொங்கிய சப்பாத்து

நாளை யாரோ பண்ணையைப் பார்க்க வருகிறார்களாம். முதலாளி இன்று காலை மாட்டுக்கொட்டில் முழுக்க மருந்து அடித்தான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது, கூடவே கோபமும். மூத்திரம் தேங்கும் வாய்க்காலில் நீயும் நானும் எத்தனை காலம் வெறுங்காலோடு நின்றோம்! அப்போது இந்த மருந்து எங்கே போயிருந்தது?

சிவப்புப் பசு குறைமாதத்தில் கன்று போட்ட நாளை நீ மறந்திருக்கமாட்டாய். மிருக வைத்தியர் கை கழுவும்போதே முதலாளியிடம் சொன்னார்: "இது எலிக்காய்ச்சலாத்தான் இருக்கும். மாட்டு மூத்திரத்தாலை ஆக்களுக்கும் தொத்தும். இந்தப் பிள்ளையளுக்குச் சப்பாத்து வாங்கிக் குடுங்கோ." அடுத்த கிழமை இரண்டு சோடி றப்பர் சப்பாத்து வந்தது.

நீதான் ஆணி அடித்து அவற்றை வாசல் சுவரில் மாட்டினாய். நான் ஒன்றை எடுக்கப் போனதும் கையைப் பிடித்தாய். "புதுசடி, சாணியிலை மிதிச்சுப் பழுதாக்காதை. ஆரும் வந்தால் போட வேணுமெல்லே." உன் அலுமாரியில் பூப்போட்ட கோப்பைகளையும் இப்படித்தான் வைத்திருந்தாய். உப்புக்குளத்தில் நம் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான், நல்லதெல்லாம் வருகிறவர்களுக்கு. முதலாளிக்கு அது வாய்ப்பாகிப் போனது. "கெட்டிக்காரி, அப்படியே இருக்கட்டும்" என்றான். பிறகு அரசாங்கக் கந்தோர் ஆட்கள் வந்தார்கள், சப்பாத்துப் போட்டுச் சுற்றிப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்தில் நீ வெடித்த குதிக்காலோடு வாளி தூக்கிக்கொண்டு நடந்தாய். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

காய்ச்சலோடு உன்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "மாட்டுக்கொட்டிலிலை சப்பாத்துப் போடுறேல்லையோ?" கண் மஞ்சளித்துக் கிடந்த நீ சிரிக்கப் பார்த்தாய். "இருக்குது டொக்டர், சுவரிலை இருக்குது." எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குப் போவதாகப் பேசி வைத்திருந்தோம். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வரவில்லை.

செத்தவீட்டுக்கு முதலாளி வந்தான். நல்ல கதிரை போட்டார்கள், உன் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். "வயல் பக்கம் போயிருப்பாள், அங்கைதான் எலிக்காய்ச்சல் பிடிச்சிருக்கும்" என்றான். நீ எந்த வயலுக்கடி போனாய்? அந்தத் தேத்தண்ணியை அவன் முகத்தில் ஊற்ற வேண்டும் போலிருந்தது. உன்மேலும் எனக்கு ஆத்திரம்தான். சப்பாத்துப் பழுதாகும் என்று பயந்தாயே, உன் காலை ஏன் நினைக்கவில்லை?

இன்று உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணைச் சுவரடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளும் வெறுங்கால்தான். ஒரு சோடியை அவளுக்குக் கொடுத்தேன், மற்றதை நான் போட்டேன். முதலாளி ஓடி வந்தான்.

"கழட்டு பிள்ளை, நாளைக்கு ஆக்கள் வருகினம். அது வாற ஆக்களுக்கு வாங்கினது."

"நாங்களும் வாற ஆக்கள்தான். ஒவ்வொரு நாளும் வாறம். கழட்டச் சொன்னால் பால் கறக்கமாட்டம்."

மடி கனத்த பசுக்கள் கத்திக்கொண்டு நின்றன. அவன் அவற்றைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான்.

வேலை முடிந்ததும் சப்பாத்துகளைக் கழுவி, நாங்கள் உடுப்பு மாற்றும் மூலையில் வைத்தோம். பிறகு நீ அடித்த ஆணிகளைப் பிடுங்கினேன். இரண்டும் என் பையில்தான் கிடக்கின்றன. அந்தச் சுவரில் இனி எதையும் மாட்ட விடமாட்டேன்.