வழிய வேண்டிய தண்ணீர்

அன்பு மகள் ஷாமினிக்கு,

கிளாஸ்கோவில் நீயும் மருமகனும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே என் நலத்தை யாரும் கேட்பதில்லை, அதனால் சொல்லும் பழக்கமும் விட்டுப்போயிற்று. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், பாதியில் வைத்துவிடுவோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவின் ஏழாம் நாள் தானம் நேற்று பிரிக்பீல்ட்ஸ் புத்த விகாரையில் முடிந்தது. பிக்குகளுக்குச் சாப்பாடு கொடுத்து, அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்கு அனுப்பிவைப்பது அவர்கள் வழக்கம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அவள் அங்கே போக ஆரம்பித்தது உனக்குத் தெரியும், அங்கேதான் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை என்பாள். தன் காரியத்தை அவர்கள் முறைப்படியே செய்ய வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கு எந்தச் சாமியோடும் பேச்சில்லை, ஆனாலும் சொன்னபடி செய்தேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை. சாவு வீட்டில் உன் மாமா கமலநாதன் நடந்துகொண்டதை நீ போன் திரையில் பார்த்திருக்க முடியாது. கிள்ளானிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து, பிக்குகள் ஓதிக்கொண்டிருக்கும்போதே, "என்னா மச்சான், மீட்டிங் மாதிரி எல்லாரும் வெள்ளைச் சட்டையில உக்காந்திருக்கீங்க, மேளம் எங்க, கொள்ளிக்குடம் எங்க, என் தங்கச்சி என்ன அனாதையா" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். சுடுகாட்டுக்கு வராமல் அப்படியே வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தானத்துக்கு நானே மானத்தை விட்டுக் கூப்பிட்டேன். "கருமாதி வச்சா சொல்லுங்க லா, வரேன்" என்றார். அவள் படுக்கையில் கிடந்த காலத்தில் எட்டிப் பார்க்காத மனிதர். உனக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை என்றாய். நம்புகிறேன் என்றேன்.

பிக்குகள் சாப்பிட்டு முடித்து ஓதும்போது, குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்து ஒரு கூஜாவைப் பிடித்து, தட்டில் வைத்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் கை ஒன்றுதான் இருந்தது. கிண்ணம் நிரம்பியதும், கீழே சிந்துமே என்று நிறுத்திவிட்டேன். அம்மாவின் சிநேகிதி இராஜம்மா பின்னாலிருந்து, "நிறுத்தாதீங்கண்ணே, வழியட்டும், வழிஞ்சாத்தான் அக்காவுக்குப் போய்ச் சேரும், சந்தோஷமா அவங்கள நெனச்சுக்கிட்டே ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். தட்டே நிறைந்துவிட்டது. அவ்வளவு நேரமும் நான் நினைத்தது உன் மாமாவைத்தான், அவர் வீட்டில் சாவு விழுந்தால் எப்படிப் போகாமல் இருப்பது என்று. உன் அம்மாவின் முகம் ஒரு தடவைகூட வரவில்லை.

பிறகு பிக்குவிடம் கேட்டேன், வெறுப்போடு கொடுத்தது போய்ச் சேருமா என்று. என் ஆறுதலுக்காவது அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சேருகிற அளவுக்கு அதில் எதுவும் இருக்காது, மூன்றாம் மாதத் தானத்தில் மறுபடியும் ஊற்றுங்கள் என்றார். என்னை எனக்குத் தெரியும், மூன்று மாதத்தில் தெளிகிற மனமில்லை இது, மூன்று வருடத்திலும் தெளியாது. அவளை நினைக்க உட்கார்ந்தாலே அந்த வேன்தான் கண்முன் வந்து நிற்கிறது. நான் கொடுக்கும் எதுவும் அவளிடம் போகாது என்று ஆகிவிட்டது, ஷாமினி. இருந்தபோதும் நான் அதிகம் கொடுத்ததில்லை என்பாய், சொல்லிக்கொள்.

ஆகவே அதை நீதான் செய்ய வேண்டும். உங்கள் பக்கத்தில் விகாரை இருக்கிறதா என்று தேடு, லண்டன்வரை போக வேண்டியிருந்தாலும் போ. அவளை நினைத்தால் உனக்குச் சிரிப்பும் வரும், எனக்கு வராது. மகள் ஊற்றக் கூடாது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

குளிரில் மாத்திரையைத் தவறவிடாதே. மருமகனோடு சண்டை என்றால் அன்றைக்கே தீர்த்துவிடு, என்னைப் போல் சேர்த்து வைக்காதே. நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி நெடுநாள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. உயிரோடிருப்பவர்களுக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு சொல்வார்களாம். என் பெயரைச் சொல்லாதே. எல்லாம் அவளுக்கே போகட்டும்.

உன் அப்பா,
முகுந்தன்
சுங்கை வே