தள்ளாட்டம் நம் குடும்பச் சொத்து

தம்பிப் பயலே,

ஜெயித்துவிட்டோம்டா! உட்கார்ந்து படி, விழுந்து தொலைக்காதே.

பார்சல் கிடங்கில் எனக்கும் உன்னை மாதிரியே கால் பின்ன ஆரம்பித்தது. "என்னக்கா, தம்பி ஊத்திக் கொடுத்தானா?" என்று மேஸ்திரி கேட்டான். டீயைத் தவிர எதையும் தொடாதவள் நான்! விடுவேனா? குடிகாரன் என்று உன்னை வீட்டைவிட்டுத் துரத்தினாளே உன் பெண்டாட்டி, அவளையும் இழுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போனேன்.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு அவர் சொன்னார்: "முதுகிலேர்ந்து கால் விரல் வரைக்கும் நீள நரம்பும்மா. அதுக்குள்ள குட்டிக் குட்டிப் பார்சலா சத்து போய்க்கிட்டே இருக்கணும். உங்க பரம்பரையில அது பாதி வழியிலேயே நின்னுடுது. கால் பக்கம் நரம்பு பட்டினி கிடக்குது. உங்க அப்பாவும் தள்ளாடித்தான் நடந்தார்னு சொன்னீங்களே, அவருக்கும் இதுதான் இருந்திருக்கும்."

"அப்போ என் வீட்டுக்காரர் குடிக்கவே இல்லையா?" என்றாள் உன்னவள்.

"இவங்க குடிச்சாங்களா?" என்று டாக்டர் என்னைக் காட்டினார். அங்கேயே ஓவென்று அழுதுவிட்டாள்.

மருந்து இல்லையாம், பயிற்சி உண்டாம். அது கிடக்கட்டும். "அவரை வரச் சொல்லுங்க அண்ணி" என்று உன் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வா. பஸ் நிறுத்தத்துக்கு நானும் என் புதுக் கைத்தடியும் வருகிறோம். தெரு நடுவிலேயே ரெண்டு பேரும் தள்ளாடிக்கொண்டு போவோம். எவன் சிரிக்கிறான் பார்க்கலாம்!

உன் வாயாடி அக்கா